ஃபைட்டர் மீனும் ராமநாதபுரத்துத் தண்ணீரும்

கீழக்கரையிலிருந்து ஒரு தம்பி கேட்டது, 2 மார்ச் 2025

அண்ணே, ராமநாதபுரத்தில் ஒரு நீல ஃபைட்டர் வாங்கினேன். கடையில், சின்னக் கண்ணாடி ஜாடி போதும், காற்று மோட்டார் வேண்டாம், வாரம் ஒருதடவை முழுத் தண்ணீரையும் மாற்றினால் சரி என்றார்கள். ஜாடி 2 லிட்டர் பிடிக்கும். வீட்டுப் போர் தண்ணீர்தான் ஊற்றுகிறேன். அடியில் கடற்கரை மணலும் நாலைந்து சிப்பியும் போட்டிருக்கிறேன். வந்த வாரமே துடுப்பை மடக்கிக்கொண்டு அடியில் கிடக்கிறது. சாப்பாட்டை வாயில் வாங்கித் துப்புகிறது. சீக்கா, இல்லை ஏக்கமா?

2 மார்ச் 2025, இரவு

சீக்கு இன்னும் வரவில்லை தம்பி, தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை. போர் தண்ணீர், சிப்பி, 2 லிட்டர் ஜாடி மூன்றும் சேர்ந்து அதைப் படுக்க வைத்திருக்கின்றன.

இன்றைக்கு ராத்திரியே சிப்பியையும் மணலையும் எடுத்துவிடு. சாப்பாடு போடாதே. ஜாடியில் ஐந்தில் ஒரு பங்குத் தண்ணீரை மட்டும் எடுத்துவிட்டு, அந்த அளவு கேன் தண்ணீரை மெதுவாக ஊற்று. நாளைக் காலையில் இன்னொரு பங்கு, சாயந்திரம் இன்னொரு பங்கு. அவசரப்பட்டு ஒரேயடியாக மாற்றிவிடாதே. உப்புக் கூடிய தண்ணீருக்குப் பழகிய உடம்பைத் திடீரென்று நல்ல தண்ணீரில் போட்டால் அதையும் அது தாங்காது. மற்றதை நாளை எழுதுகிறேன்.

3 மார்ச் 2025

கடைக்காரர்கள் ஜாடி போதும் என்று சொல்வதற்கு ஒரு காரணம் இருக்கிறது. ஃபைட்டர் மேலே வந்து காற்றைக் குடிக்கும் மீன். செவுளுக்கு மேலே மடிப்பு மடிப்பாக ஓர் உறுப்பு இருக்கிறது, லேபிரிந்த் என்பார்கள். வாயால் இழுத்த காற்றிலிருந்து அதன் வழியாகப் பிராணவாயு ரத்தத்துக்குப் போகும். நம்ம கண்மாய்களில் இருக்கும் பனையேறிக் கெண்டைக்கும் இதே உறுப்புதான். தரங்கம்பாடியில் இருந்த டால்டார்ஃப் என்ற டேனிஷ்காரர், 1791-ல் பனைமரத்திலிருந்து அந்தக் கெண்டையைப் பிடித்ததாக எழுதி, அது 1797-ல் லண்டனில் அச்சானது. மரம் ஏறுமா ஏறாதா என்ற சண்டை இன்னும் ஓயவில்லை. தண்ணீரை விட்டு வெளியே வந்தும் கொஞ்ச நேரம் தாக்குப்பிடிக்கும் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை.

ஆகவே பிராணவாயு குறைந்த தண்ணீரில் ஃபைட்டர் மூச்சு முட்டிச் சாகாது. ஆனால் அது கழிக்கும் கழிவு எங்கே போகும்? செவுள் வழியாக அம்மோனியா வந்துகொண்டே இருக்கும், தின்னாமல் அடியில் கிடக்கும் தீனியும் அழுகி அம்மோனியா ஆகும். காற்றைக் குடிக்கும் உறுப்பு இதற்கு உதவாது. சந்தையில் அலுமினியச் சட்டியில், கையளவுத் தண்ணீரில் விரால் நாள் முழுக்க உயிரோடு கிடப்பதைப் பார்த்திருப்பாய். அதையும் காற்றுதான் காப்பாற்றுகிறது. அந்தச் சட்டியை யாரும் விராலுக்கு வீடு என்று சொல்வதில்லை.

நம்ம பக்கம் இன்னொரு சிக்கல். அம்மோனியாவின் நச்சு தண்ணீரின் பி.எச். அளவைப் பொறுத்தது, அதாவது தண்ணீர் அமிலமா காரமா என்று சொல்லும் அளவு. பி.எச். 7 இருக்கும் தண்ணீரைவிட 8 இருக்கும் தண்ணீரில் அதே அம்மோனியா ஏறக்குறைய 10 மடங்கு நச்சு. சூடு ஏற ஏற இன்னும் கூடும். நம்ம போர் தண்ணீர் பல இடங்களில் 8-ஐ ஒட்டித்தான் நிற்கிறது. சிப்பியும் கடற்கரை மணலும் சுண்ணாம்புச் சத்து, பி.எச்.ஸை அவை இறங்கவே விடாது. சென்னைக் கொளத்தூரில் ஒருவர் இதே ஜாடியில் வைத்து ஒப்பேற்றிவிடலாம், கீழக்கரையில் அது நடக்காததற்குக் காரணம் இதுதான்.

5 மார்ச் 2025

எந்தத் தண்ணீர் என்று நிறையப் பேர் கேட்டுவிட்டார்கள். இந்தக் கரையில் ஒரு வீட்டுக்கு எத்தனை வகைத் தண்ணீர் வருகிறதோ, அத்தனையையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும்.

போர் தண்ணீர். மண்டபத்தில் எங்கள் வீட்டுப் போர் தண்ணீரில் மீட்டரை வைத்துப் பார்த்தால் டி.டி.எஸ்., அதாவது கரைந்திருக்கும் உப்பின் அளவு, லிட்டருக்கு 2,000 மில்லிகிராமைத் தாண்டும். ஃபைட்டருக்கு 100 முதல் 300 வரை இருந்தால் போதும், கொஞ்சம் கூடினாலும் சமாளிக்கும். 2,000 கட்டாது. இதில் கவனிக்க வேண்டியது: மீட்டர் மொத்த உப்பைத்தான் காட்டும், என்ன உப்பு என்று சொல்லாது. தெருவுக்குத் தெரு வேறுபடும். பக்கத்து வீட்டுக் கணக்கை வாங்கி உங்கள் தொட்டியில் ஊற்றாதீர்கள்.

கேன் தண்ணீர். ஆர்.ஓ.வில் வந்தது. எனக்கு வருவது 50-ஐ ஒட்டி இருக்கிறது. சுத்தம்தான், ஆனால் சத்து ஒன்றும் கிடையாது. இதை மட்டும் ஊற்றினால் பி.எச். நிலையாக நிற்காது, கழிவைத் தின்னும் நல்ல பாக்டீரியாவும் சரியாக வளராது. அதனால் கலக்க வேண்டும். 9 லிட்டர் கேன் தண்ணீர், 1 லிட்டர் போர் தண்ணீர்: கூட்டி வகுத்தால் 245 வரும். நான் வைத்திருப்பது இந்தக் கலவைதான். உங்கள் போர் 1,000 என்றால் பத்தில் இரண்டு பங்கு சேர்க்கலாம். 3,000 என்றால் பத்தில் அரைப் பங்குக்கு மேல் வேண்டாம்.

காவிரித் தண்ணீர். கூட்டுக் குடிநீர்த் திட்டத்தில் திருச்சிப் பக்கத்திலிருந்து வருவது. இருப்பதிலேயே ஃபைட்டருக்கு ஏற்றது இதுதான், குளோரின் போனால். குழாயில் வரும்போது லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரினாவது மிஞ்சியிருக்க வேண்டும் என்பது குடிநீருக்கான விதி. நமக்கு நல்லது, மீனின் செவுளுக்கும் ஃபில்டர் பஞ்சில் இருக்கும் பாக்டீரியாவுக்கும் ஆகாது. அகலமான வாளியில் பிடித்து, மூடாமல் ஒரு நாள் முழுக்க வைத்தால் பெரும்பாலும் போய்விடும். அவசரம் என்றால் மீன் கடையில் ஆன்டி குளோரின் சொட்டு கிடைக்கும். உள்ளே இருப்பது பெரும்பாலும் சோடியம் தயோசல்ஃபேட், ஹைப்போ என்று கேட்டாலும் கொடுப்பார்கள்.

தள்ளுவண்டியில் குடமாக வாங்கும் தண்ணீர் எந்த ஊற்றிலிருந்து வருகிறது என்று வண்டிக்காரரையே கேளுங்கள், சொல்லிவிடுவார். ஊற்றுத் தண்ணீரில் சில இடம் அருமையாக இருக்கும். லாரித் தண்ணீர் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு மாதிரி. அதை மீனுக்கு வேண்டாம் என்பேன்.

6 மார்ச் 2025

டி.டி.எஸ். மீட்டர் சில நூறு ரூபாய்க்குள் கிடைக்கிறது. மீன் வாங்கும் முன் வாங்க வேண்டியது அது.

9 மார்ச் 2025

தொண்டி நண்பர் எழுதியிருக்கிறார்: "நான் ஒரு லிட்டர் ஜாடியிலேயே ஒரு வருஷத்துக்கு மேல் வைத்திருக்கிறேன். மாட்டுக் குளம்படித் தண்ணீரிலேயே வாழும் மீன். நீங்கள் ரொம்பப் பயமுறுத்துகிறீர்கள்."

அந்தக் குளம்படிக் கதையை நானும் கேட்டிருக்கிறேன். ஃபைட்டரின் சொந்த ஊர் தாய்லாந்து. 2019-ல் அந்த நாடு இதைத் தங்கள் தேசிய நீர்வாழ் உயிரினமாகவே அறிவித்தது. அங்கே அது இருப்பது நெல்வயலிலும், செடி அடர்ந்த குட்டையிலும். ஆழம் குறைவுதான், பரப்பு பெரிது. ஆர்.எஸ்.மங்கலம் பக்கம் நாற்று நட்டு முழங்கால் தண்ணீர் நிற்கும் வயலை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு ஆண் மீன் தனக்கென்று ஒரு மூலையைப் பிடித்துக்கொண்டு, இலைக்கடியில் நுரைக்கூடு கட்டி, வருகிற இன்னொரு ஆணை விரட்டும். அத்தனை கழிவும் அத்தனை தண்ணீரில் கரைந்துபோகும். வெயிலில் வற்றும்போது குழியில் மாட்டிக்கொள்ளும் என்பது உண்மை. மழை வரும்வரை அங்கே உயிரைப் பிடித்துக்கொண்டு கிடக்கும், அவ்வளவுதான்.

நண்பரே, உங்கள் மீன் ஒரு வருஷம் இருந்திருப்பது நீங்கள் தவறாமல் தண்ணீர் மாற்றுவதால். அதை மதிக்கிறேன். ஆனால் ஒழுங்காக வைத்தால் மூன்று வருஷம் இருக்கக்கூடிய மீன் அது. ஒரு லிட்டரில் நீங்கள் ஒரு நாள் ஊருக்குப் போனாலும் கழிவு ஏறிவிடும். சின்னப் பாத்திரம் சுலபம் என்று நினைக்கிறோம், அதில்தான் வேலை கூடுதல்.

16 மார்ச் 2025

கீழக்கரைத் தம்பியின் மீன் எழுந்துவிட்டதாம். துடுப்பு பாதி விரிந்திருக்கிறது, குருணைத் தீனியை விழுங்குகிறது. சந்தோஷம். இப்போது தொட்டி கேட்கிறான்.

குறைந்தது 10 லிட்டர், முடிந்தால் 20. உயரமானது வேண்டாம், நீளமானது எடு. ஒவ்வொரு மூச்சுக்கும் மேலே வர வேண்டிய மீன், நீளத் துடுப்பைத் தூக்கிக்கொண்டு ஏறி இறங்கிச் சோர்ந்துபோகும். பஞ்சு ஃபில்டர் ஒன்று, அதற்குச் சின்னக் காற்று மோட்டார். குழாயில் காற்றைக் குறைக்கும் திருகு ஒன்று போடு. தண்ணீர் ஓடினால் ஃபைட்டருக்குப் பிடிக்காது, துடுப்பு பாய்மரம் மாதிரி இழுத்துக்கொண்டு போகும். மோட்டாரைத் தண்ணீர் மட்டத்துக்கு மேலே மாட்டு, அல்லது ஒருவழி வால்வு போடு. மின்சாரம் நின்றால் தண்ணீர் குழாய் வழியாகத் திரும்பி மோட்டாருக்குள் போய்விடும்.

மூடி கட்டாயம். ஃபைட்டர் துள்ளும். மூடிக்கும் தண்ணீருக்கும் நடுவில் நாலு விரல் இடைவெளி விடு, அங்கே நிற்கும் ஈரக் காற்றைத்தான் அது குடிக்கும். இரும்பு ஸ்டாண்ட் வாங்காதே. உப்புக் காற்றில் எங்கள் வீட்டு ஸ்டாண்டின் கால் உதிர்ந்துபோனது. மரப்பலகையோ கடப்பாக் கல்லோ போதும்.

அப்புறம் பொறுமை. பஞ்சில் இரண்டு வகை பாக்டீரியா குடியேற வேண்டும்: ஒன்று அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றும், இன்னொன்று நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றும். முதல் இரண்டும் நஞ்சு. நைட்ரேட் அவ்வளவு மோசமில்லை, தண்ணீர் மாற்றும்போது போய்விடும். இது முழுதாக நடக்க 4 முதல் 6 வாரம் ஆகும். யாரிடமாவது நன்றாக ஓடுகிற தொட்டி இருந்தால் அவர்கள் பஞ்சை உன் தொட்டியில் பிழிந்து வாங்கிக்கொள், நாள் குறையும். அதுவரை மூன்று நாளுக்கு ஒருமுறை கால் பங்குத் தண்ணீரை மாற்று. பிறகு வாரம் ஒருமுறை கால் பங்கு போதும். பஞ்சைக் குழாயடியில் கழுவாதே. எடுத்த பழைய தண்ணீரிலேயே இரண்டு தடவை அமுக்கிவிட்டுத் திரும்ப வை. குழாயடியில் கழுவினால் குளோரின் பாக்டீரியாவைக் கொன்று, தொட்டி மறுபடி முதல் நாளுக்குப் போய்விடும்.

17 மார்ச் 2025

ஒன்று விட்டுப்போனது. மாற்றுவது வேறு, குறைந்ததை நிரப்புவது வேறு. தண்ணீர் ஆவியாகும்போது உப்பு ஆவியாகாது, தொட்டியிலேயே நிற்கும். குறைந்த அளவை மறுபடி கலவைத் தண்ணீரால் நிரப்பினால் வாராவாரம் உப்பு ஏறும். நிரப்புவதற்கு வெறும் கேன் தண்ணீர். மாற்றுவதற்குத்தான் கலவை.

23 மார்ச் 2025

பெருங்குளத்து அக்கா ஒருவர் கேட்டிருக்கிறார்: "பாம்பன் மணல் வெள்ளை வெளேர் என்று அழகாக இருக்கிறதே, நன்றாகக் கழுவிப் போட்டாலும் கூடாதா?"

அக்கா, ஒரு கரண்டி மணலைக் கிண்ணத்தில் எடுத்துக் கொஞ்சம் வினிகர் ஊற்றிப் பாருங்கள். நான் ஊற்றியபோது மணலுக்குள்ளிருந்து பொடிப்பொடியாகக் குமிழி கிளம்பி, ஓரத்தில் நுரை கட்டி, சர்ரென்று சத்தம் காதில் விழுந்தது. குனிந்து பார்த்தால் மணல் என்று நினைத்ததில் பாதி உடைந்த சிப்பியும் கிளிஞ்சலும்தான். நுரைப்பது எல்லாம் சுண்ணாம்பு. எத்தனை தடவை கழுவினாலும் அது போகாது, ஏனென்றால் அந்த மணலே அதுதான். ஆற்று மணலில் பெரும்பாலும் நுரைக்காது. அதைக் கழுவி ஒரு விரல் கனத்துக்குப் போடுங்கள், அல்லது ஒன்றும் போடாமல் வெறும் கண்ணாடி அடி. சுத்தம் செய்ய அதுவே வசதி.

பவளத் துண்டைப் பற்றியும் யாரோ கேட்டார்கள். அதை ஃபைட்டர் தொட்டிக்கு மட்டுமில்லை, வீட்டுக்கே கொண்டுவரக் கூடாது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் தேசியப் பூங்காவுக்குள் இருக்கின்றன. 1972-ம் வருடத்து வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையிலேயே பவளம் இருக்கிறது. கரையில் ஒதுங்கியதுதானே என்றாலும் சட்டம் விடாது.

11 ஏப்ரல் 2025

புதிய பாம்பன் பாலம் 6-ம் தேதி திறந்துவிட்டார்கள். 2022 டிசம்பரிலிருந்து மண்டபத்தோடு நின்ற ரயில் மறுபடி ராமேஸ்வரம் வரை போகிறது. கொளத்தூரிலிருந்து மீன் வாங்கிக்கொண்டு வர வழி கேட்கிறார் ராமேஸ்வரத்து நண்பர்.

ஒரு பைக்கு ஒரு மீன். மூன்றில் ஒரு பங்கு தண்ணீர், மீதி காற்று. கிளம்பும் முதல்நாள் தீனி வேண்டாம் என்று கடையில் சொல்லிவிடுங்கள், பையில் கழிவு குறையும். பையைப் பேப்பரில் சுற்றித் தெர்மகோல் பெட்டியில் வையுங்கள், பக்கத்துப் பையில் இருக்கும் மீனைப் பார்த்துச் செவுளை விரித்துக்கொண்டு ராத்திரி முழுக்கச் சண்டைக்கு நிற்காது. வீட்டுக்கு வந்ததும் பையைத் தொட்டியில் கால் மணி நேரம் மிதக்க விடுங்கள். அப்புறம் வாயைத் திறந்து, ஒரு மணி நேரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகத் தொட்டித் தண்ணீரைப் பையில் சேருங்கள். கடைசியில் மீனை மட்டும் எடுத்து விடுங்கள், பைத் தண்ணீர் சாக்கடைக்கு.

12 மே 2025

அக்னி நட்சத்திரம். தொட்டியில் 32 டிகிரி. ஃபைட்டருக்கு 25-க்கும் 28-க்கும் நடுவில் இருந்தால் நிம்மதி. 30 வரை முகம் சுளிக்காது. அதற்கு மேல் போனால் உடம்பு வேகமாக ஓடும், வயது சீக்கிரம் ஏறும், மார்ச் மூன்றாம் தேதி எழுதிய அம்மோனியா கணக்கும் மோசமாகும்.

மூடியை எடுத்துவிட்டுக் கொசுவலையைக் கட்டி, மேசை விசிறியைத் தண்ணீர்ப் பரப்பில் படும்படி வைத்தேன். ஒன்று, ஒன்றரை டிகிரி குறைகிறது. மதுரையில் இருக்கும் நண்பருக்கு இதே முறையில் மூன்று டிகிரி குறைகிறது. கடற்கரையில் காற்றே ஈரமாக இருப்பதால் தண்ணீர் அவ்வளவாக ஆவியாவதில்லை, அதனால் குளிர்ச்சியும் குறைவு. ஐஸ் கட்டியை நேராகப் போடாதீர்கள். சின்னப் பாட்டிலில் தண்ணீரை உறையவைத்து, மூடியை இறுக்கி மிதக்க விடலாம், ஒரு டிகிரி இறங்கியதும் எடுத்துவிட வேண்டும். தொட்டியை மேற்குச் சுவரிலிருந்து தள்ளி வைப்பது இதெல்லாவற்றையும்விடப் பலன் தருகிறது. எங்கள் வீட்டில் மேற்குச் சுவர் இரவு பத்து மணிக்கும் கொதிக்கிறது.

மார்ச்சில் கொடுத்த 9-க்கு 1 கணக்கை இந்த மாதம் மறுபடி அளந்து பாருங்கள். எங்கள் போர் கோடையில் உப்பு ஏறியிருக்கிறது. இப்போது 19-க்கு 1 கலக்கிறேன். போரின் அளவு மழைக்கும் வெயிலுக்கும் மாறிக்கொண்டே இருக்கும்.

20 ஜூலை 2025

உச்சிப்புளியிலிருந்து ஒருவர் படம் போட்டு, உடம்பில் ஏதோ தூசி, கச்சான் காற்றில் வந்த புழுதியா என்கிறார்.

புழுதி தண்ணீருக்குள் உடம்பில் ஒட்டாது. அறையை இருட்டாக்கி, கைபேசி விளக்கைப் பக்கவாட்டில் அடித்துப் பாருங்கள். தலைக்குப் பின்னால், முதுகில் பொன்னிறத் தூள் மினுங்கினால் வெல்வெட் நோய். ரவை அளவில் வெள்ளை வெள்ளையாக எண்ணக்கூடிய புள்ளி என்றால் அது வேறு, வெள்ளைப்புள்ளி. வெல்வெட்டில் மீன் துடுப்பை மடக்கும், செடியில் உடம்பைத் தேய்க்கும், செவுள் வேகமாக அடிக்கும். இந்த ஒட்டுண்ணிக்குப் பச்சையம் உண்டு, வெளிச்சத்தில் செழிக்கும். அதனால் முதலில் தொட்டியை முழுதாகத் துணி போட்டு மூடுங்கள். கூடவே உப்பு: லிட்டருக்கு 1 கிராமில் தொடங்கி, ஒரு நாள் விட்டு மொத்தம் 2 கிராமாக்குங்கள். அதற்கும் கேட்கவில்லை என்றால் செம்பு சேர்ந்த மருந்து, புட்டியில் எழுதியிருக்கும் அளவுக்கு ஒரு சொட்டும் கூடாமல். தொட்டியில் நத்தை இருந்தால் முன்பே எடுத்துவிடுங்கள், செம்பு அதைக் கொன்றுவிடும்.

உப்பைப் பற்றி ஒரு வார்த்தை. வாலிநோக்கம் பக்கத்து உப்பளத்துக் கல்லுப்பு போதும், அயோடின் சேர்க்காதது. ஆனால் ஏற்கெனவே போர் தண்ணீர் கலந்த தொட்டியில் அது கூடுதல் உப்பு என்பதை மறக்கக் கூடாது. மருந்தாக ஒரு வாரம், பத்து நாள்; பிறகு தண்ணீர் மாற்றி மாற்றி இறக்கிவிட வேண்டும். நோய் வராமலிருக்க எப்போதும் ஒரு சிட்டிகை போடுவது என்ற பழக்கம் இங்கே நிறைய வீட்டில் இருக்கிறது. நம்ம தண்ணீரில் அதற்கு அவசியமே இல்லை. மஞ்சள்தூளும் வேண்டாம், வேப்பிலையும் வேண்டாம்.

21 ஜூலை 2025

துடுப்பு அழுகலுக்கும் கிழிசலுக்கும் வித்தியாசம் கேட்டவருக்கு: ஓரம் கருத்தோ சிவந்தோ, நாளுக்கு நாள் குட்டையாகிக்கொண்டே போனால் அழுகல். ஒரே இரவில் நேர்க்கோட்டில் பிளந்து, ஓரம் சுத்தமாக இருந்தால் எங்கேயோ மாட்டிக் கிழிந்தது. பிளாஸ்டிக் செடியில் பழைய நைலான் துணியை இழுத்துப் பாருங்கள். துணியில் நூல் பிரிந்தால் அந்தச் செடியைத் தூக்கிப் போட்டுவிட்டு, அனுபியாஸோ ஜாவா ஃபெர்னோ வையுங்கள். இரண்டும் குறைந்த வெளிச்சத்தில் வளரும். இரண்டு வகைக் காயத்துக்கும் முதல் மருந்து, தினம் கொஞ்சம் நல்ல தண்ணீர் மாற்றுவது.

24 ஆகஸ்ட் 2025

தீனி. அதன் வயிறு அதன் கண் அளவுதான். காலையில் இரண்டு மூன்று குருணை, சாயந்திரம் அதே. வாரம் ஒருநாள் பட்டினி. வயிறு ஊதி மிதந்தால் இரண்டு நாள் ஒன்றும் போடாதீர்கள், பெரும்பாலும் தானே சரியாகும். செதில் எல்லாம் தூக்கிக்கொண்டு உடம்பு ஊதினால் அது வேறு, உள்ளே சிறுநீரகம் கெட்டிருக்கும், மீட்பது கடினம்.

"சென்னாக்குன்னி போடலாமா, வீட்டில் எப்போதும் இருக்கிறது" என்று கேட்கிறார் தேவிபட்டினத்து அண்ணன். ஃபைட்டர் புழு பூச்சி தின்னும் மீன், அதனால் குன்னி அதற்குப் பிடிக்கும். ஆனால் கடற்கரையில் காயப்போட்டதில் உப்பும் மணலும் இருக்கும். கழுவி ஊறவைத்து, கால் துண்டாகக் கிள்ளி, எப்போதாவது ஒருநாள். மிச்சத்தை உடனே எடுத்துவிடுங்கள். கருவாடு கூடவே கூடாது.

கொசுப்புழு மாதிரி அதற்கு விருந்து கிடையாது. பார்த்த நொடியில் உடம்பை வளைத்து நின்று, ஒரே பாய்ச்சலில் இழுத்துக்கொள்ளும். சாக்கடையிலிருந்து எடுக்காதீர்கள். மொட்டை மாடியில் மழைத் தண்ணீர் நின்ற வாளியிலிருந்து வடிகட்டிக் கழுவிப் போடுங்கள், ஐந்தாறு போதும். வாளியை அன்றைக்கே கவிழ்த்துவிடுங்கள். முட்டையிலிருந்து பறக்கும் கொசு ஆக ஒரு வாரம், பத்து நாள்தான். டெங்கு ஊரில் இருக்கும்போது மீனுக்கென்று கொசு வளர்க்கக் கூடாது.

வேண்டாத மீனை ஊரணியில் விடலாமா என்று கேட்டவருக்கு: விடாதீர்கள். நீளத் துடுப்பு மீன் ஒரு நாளில் விராலுக்கு இரை. தப்பித்தாலும் தொட்டி நோயை ஊரணிக்குக் கொண்டுபோகும். வளர்க்க முடியாவிட்டால் கேட்பவருக்குக் கொடுங்கள்.

7 செப்டம்பர் 2025

வாதாம் இலை. நம்ம தெருவில் குடையாக விரிந்து நிற்கும் நாட்டு வாதாம்தான். சென்னையில் இதைப் பாக்கெட் போட்டு விற்கிறார்கள். தானாகப் பழுத்து விழுந்து, பழுப்பாகக் காய்ந்த இலையாக எடுங்கள். பச்சை இலையும், புகையடிக்கிற ரோட்டோர இலையும் வேண்டாம். கடலைப் பார்த்த மரம் என்றால் உப்புப் படிந்திருக்கும், இரண்டு தடவை அலசுங்கள். 10 லிட்டருக்கு உள்ளங்கை அளவு ஒன்று. தண்ணீர் வெளிர் பழுப்பாக மாறும், அது கறை இல்லை, டானின் என்ற துவர்ப்புச் சத்து. பி.எச். கொஞ்சம் இறங்கும். சுண்ணாம்புச் சத்து கூடிய தண்ணீரில் அவ்வளவாக இறங்காது என்பதால் தண்ணீர் கலப்பதற்குப் பதிலாக இலை என்று நினைக்க வேண்டாம். என் சிவப்பு மீன் இலை மிதக்கும் மூலையில்தான் எப்போதும் நுரைக்கூடு கட்டுகிறது. மூன்று வாரத்தில் இலை கிழிய ஆரம்பித்ததும் எடுத்துவிடுவேன்.

8 செப்டம்பர் 2025

இரண்டு ஆண் மீனை ஒரே தொட்டியில் விடலாமா என்று இன்னும் கேட்கிறார்கள். கூடாது. கண்ணாடி காட்டிச் சண்டைக்கு நிற்க வைப்பதும் ஒரு நிமிஷத்துக்கு மேல் வேண்டாம்.

17 அக்டோபர் 2025

மழை தொடங்கிவிட்டது. காவிரித் தண்ணீரை ஒரு நாள் வாளியில் வைத்தால் போதும் என்று மார்ச்சில் எழுதினேன். மழைக்காலத்தில் தெருத் தொட்டியில் பிளீச்சிங் பவுடர் கூடுதலாகப் போடுகிறார்கள், பிடிக்கும்போதே மூக்கில் ஏறுகிறது. இப்போது வாளியில் வைத்த பிறகும் ஒரு சொட்டு ஆன்டி குளோரின் விடுகிறேன். ஜனவரி வரை அப்படியே செய்யுங்கள்.

தீபாவளிக்கு ஊருக்குப் போகிறவர்கள்: நாலைந்து நாள் தீனி இல்லாமல் ஆரோக்கியமான ஃபைட்டருக்கு ஒன்றும் ஆகாது. போகும் முதல்நாள் கால் பங்குத் தண்ணீர் மாற்றிவிட்டுப் போங்கள். கடையில் விற்கும் விடுமுறைத் தீனிக் கட்டி வேண்டாம், கரைந்து தண்ணீரைக் கெடுக்கும். பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டுப் போனால் பாசத்தில் ஒரு கைப்பிடி போட்டுவிடுவார்கள். ஒருநாள் பங்கைத் தனித்தனியாகப் பேப்பரில் மடித்துக் கொடுங்கள், டப்பாவை எடுத்து வைத்துவிடுங்கள்.

2 நவம்பர் 2025

போன வருஷம் நவம்பர் 20 அன்று ராமேஸ்வரம், பாம்பன் பக்கம் கொட்டிய மழையில் மின்சாரம் போய்ப் பலருடைய தொட்டி கெட்டது. அதை வைத்துக் கேட்டிருக்கிறீர்கள்.

மின்சாரம் போனால் ஃபைட்டருக்கு மூச்சுப் பிரச்சினை இல்லை. கெடுவது பஞ்சு. காற்று ஓடாமல் பல மணி நேரம் நின்றால் உள்ளே பாக்டீரியா சாக ஆரம்பிக்கும். பேட்டரியில் ஓடும் காற்று மோட்டார் ஒன்று வாங்கி வையுங்கள். இல்லையென்றால் மணிக்கு ஒருதடவை ஒரு டம்ளர் தண்ணீரை மொண்டு பஞ்சின் மேல் மெதுவாக ஊற்றுங்கள். தீனியை நிறுத்துங்கள். மின்சாரம் வந்ததும் மோட்டாரைப் போடுவதற்கு முன் பஞ்சைப் பழைய தொட்டித் தண்ணீரில் அமுக்கிவிட்டுப் போடுங்கள், அடுத்த இரண்டு நாள் கால் பங்குத் தண்ணீர் மாற்றுங்கள். மாடியில் பிடித்த மழைத் தண்ணீரும் கேன் தண்ணீர் மாதிரிதான், சத்து கிடையாது, அதே கணக்கில் கலக்கலாம். முதல் மழையை விட்டுவிட்டுப் பிடியுங்கள்.

வாடைக்காற்று இறங்கினால் ராத்திரி 10 லிட்டர்த் தொட்டி சீக்கிரம் குளிர்ந்துவிடும். ஜன்னலோரத்திலிருந்து நகர்த்துங்கள். தண்ணீர் 24-க்குக் கீழே போய், பகலில் மறுபடி ஏறி இறங்கினால் 25 வாட் ஹீட்டர் ஒன்று, தானாக நிற்கிற வகையாகப் பார்த்து வாங்குங்கள். தண்ணீர் மாற்றும்போது அதை அணைத்து, பத்து நிமிஷம் ஆறவிட்டு அப்புறம் கையை விடுங்கள்.